மாவுருண்டையா, இறகுப் பூச்சியா? கொங்கு நாட்டுக் கெண்டைக்கு ஏற்ற தூண்டில்

தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்த என் அக்கா மகன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "மாமா, இது மாதிரி இறகுல கட்டுன பூச்சிய வீசி நம்மூர்க் கெண்டையப் பிடிக்க முடியுமுங்களா? இல்லீன்னா மாவுக்கே ஒரு நல்ல ராடா வாங்கிப்போடட்டுங்களா?" என்று கேட்டான். அவன் திருப்பூரில் பின்னலாடை நிறுவனமொன்றில் கணக்குப் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் மட்டுமே அவனுக்குச் சொந்தம். இரண்டு செட்டு வாங்க இப்போதைக்கு வழியில்லை. பத்தாண்டுகளுக்கு மேலாக மாவுருண்டை போட்டும், அதற்குப்பின் ஆறு ஆண்டுகளாக இறகுப் பூச்சி வீசியும் பவானி, அமராவதிக் கரைகளிலும் தோட்டத்துக் குட்டைகளிலும் நின்றவன் என்ற முறையில், அன்று அவனிடம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே கோர்வையாக எழுதுகிறேன். அவனைப் போலவே ஒரே ஒரு செட்டு வாங்க எண்ணி, எதை வாங்குவது என்று நிற்பவர்களுக்கும் இது உதவக்கூடும்.

ஃப்ளை ஃபிஷிங் என்பதை நான் இறகுப் பூச்சித் தூண்டில் என்றே சொல்லி வருகிறேன். வழக்கமான தூண்டிலில் ஈயக்குண்டோ மாவுருண்டையோ தன் எடையால் நரம்பை இழுத்துக்கொண்டு போய் விழும். இறகும் நூலும் சுற்றிய ஒரு சின்ன முள்ளுக்கு அப்படிப்பட்ட எடை கிடையாது; கையால் எறிந்தால் நான்கடி தாண்டாது. அதனால் இந்த முறையில் எடையை நூலுக்கே கொடுத்துவிடுகிறார்கள். பூச்சுப் பூசிய தடித்த நூலை ராடு கொண்டு காற்றில் பின்னும் முன்னும் வீசி, அந்த வீச்சின் விசையில் பூச்சியைத் தண்ணீரின் மேல் பரத்தி வைக்கிறோம். தடித்த நூலுக்கும் பூச்சிக்கும் நடுவே 9 முதல் 12 அடி நீளத்துக்கு, முனை நோக்கி மெலிந்துகொண்டே போகும் நிறமற்ற நரம்பு இருக்கும். அதை லீடர் என்கிறார்கள். ரீல் பெரும்பாலும் நூலைச் சேமித்து வைப்பதற்கும், பெரிய மீன் ஓடும்போது பிரேக்காக நிற்பதற்கும் மட்டுமே பயன்படுகிறது.

கருவியின் வேறுபாட்டைவிட முக்கியமானது, மீனும் இரையும் சந்திக்கும் விதத்தில் உள்ள வேறுபாடு. கடலைப் புண்ணாக்கும் தவிடும் மைதாவும் பிசைந்து போட்ட உருண்டை தண்ணீரில் கரையக் கரைய, அதன் வாசனையும் துகளும் பரவி, எங்கோ மேயும் மீனை நம்மிடம் கூட்டிவருகின்றன. நாம் மீனைப் பார்க்க வேண்டியதில்லை. அது இருக்கும் இடம்கூடத் தெரிய வேண்டியதில்லை. இறகுப் பூச்சிக்கு வாசனையும் இல்லை, சுவையும் இல்லை. மேயும் கெண்டையின் மூக்குக்கு முன்னால், ஒரு சாண் அளவு வட்டத்துக்குள் அதை இறக்கினால்தான் மீன் அதைக் கவனிக்கும். அதற்கு முதலில் மீன் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வாங்கும் முடிவை இந்த ஒரு கூறின் மேல்தான் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. எந்த ராடு சிறந்தது என்று கேட்பதற்கு முன், நான் வழக்கமாகப் போகப்போகும் தண்ணீரில் மீன் கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொள்வதே சரியான வரிசை.

அடுத்து, கெண்டை என்று பொதுவாகச் சொன்னாலும் நம் சந்தைகளில் விற்கும் ஐந்தாறு கெண்டைகளுக்கும் வாயும் வயிறும் வெவ்வேறு. கட்லா மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தண்ணீரோடு சேர்த்து வடிகட்டித் தின்னும். மேல்நோக்கிய அதன் பெரிய வாய் அதற்கென்றே அமைந்தது. அதனால்தான் மாவுருண்டையைச் சுற்றி நான்கைந்து முள்ளைத் தொங்கவிடும் கட்டு கட்லாவுக்கு அவ்வளவு பலிக்கிறது: கரையும் மாவை மேகம்போல உறிஞ்சும்போது முள்ளும் உள்ளே போய்விடுகிறது. ஒற்றைப் பூச்சியைக் குறிவைத்துத் தின்னும் பழக்கம் அதற்கு இல்லாததால், இறகுப் பூச்சிக்குக் கட்லா அரிதாகவே வரும். வெள்ளிக் கெண்டை அதைவிட நுண்ணிய பாசியைத் தின்பது, அதை மறந்துவிடலாம். ரோகு நடுமட்டத்தில் பாசியையும் அழுகும் தாவரப் பொருளையும் கொறிக்கும். மிர்கால் அடிமட்டச் சேற்றில் மட்கிய பொருளைத் தேடும். இவை இரண்டும் எப்போதாவது பூச்சியை எடுத்திருக்கின்றன. ஆனால் அந்த 'எப்போதாவது'வை நம்பி ஒருவரைப் பணம் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

மீதமிருப்பவை சாதா கெண்டையும் புல் கெண்டையும். சி.சி. (காமன் கார்ப்) என்று மீன்கடைகளில் சொல்லப்படும் சாதா கெண்டைதான் இறகுப் பூச்சிக்கென்றே பிறந்ததுபோல் இருக்கிறது. மேலுதட்டில் இரண்டு இணை மீசையோடு அடிச்சேற்றைக் கிளறி, சிவப்புப் புழு, தட்டானின் இளம்பருவம், சிறு நத்தை, கூனி இறால் எனக் கிடைத்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னும் மீன் அது. முழங்காலளவுத் தண்ணீரில் தலையைக் கீழே குத்தி மேயும்போது அதன் வாலின் நுனி தண்ணீருக்கு மேலே அசையும். சேறு புகைபோலக் கிளம்பும். இந்த இரண்டு அடையாளங்களும் நமக்கு வேறெந்தக் கெண்டையும் தராத சலுகை. இது நம் நாட்டு மீனன்று. ஜெர்மானிய வகை 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. பாங்காக் வகை 1957-ல் இந்தியாவுக்கு வந்தது. சமவெளிக் குளங்களில் நாம் இப்போது காண்பது பெரும்பாலும் பிந்தையதே. தேங்கிய தண்ணீரிலேயே நீர்ச்செடிகளில் முட்டையிட்டுப் பெருகிவிடுவதால், யாரும் குஞ்சு விடாத ஏரியிலும் அது இருக்கும்.

புல் கெண்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துத் தோட்டங்களில் மாட்டுக்கு வளர்க்கும் கோ-4 தீவனப்புல்லை நறுக்கிக் குட்டையில் போடுவார்கள். குறித்த நேரத்துக்குப் புல் கெண்டைகள் கூட்டமாக மேலே வந்து நிற்கும். பச்சை நிற நுரைத்துண்டில் இரண்டு பச்சை இறகு வைத்துக் கட்டிய மிதக்கும் பூச்சியை அந்த நறுக்குப் புல்லோடு புல்லாக விட்டால், சில காலைகளில் நெஞ்சு படபடக்கும்படி மெதுவாக வந்து எடுக்கும். மிகக் கூச்சமுள்ள மீன். ஒன்று முள்ளில் மாட்டித் துள்ளியபின் அந்தக் கூட்டம் அன்று முழுவதும் மேலே வராது.

இனி தண்ணீருக்கு வருவோம். காவிரியும் பவானியும் கோடையில் தெளிந்து ஓடும் சில துறைகளைத் தவிர, ஆண்டில் பெரும்பகுதி கலங்கலாகவோ இழுப்பு மிக்கதாகவோ இருக்கின்றன. ஆனி, ஆடியில் மேற்கே மழை பிடித்தால் செந்நீர்தான். அந்தத் தண்ணீரில் இறகுப் பூச்சியைத் தூக்கிக்கொண்டு போவது நேரத்தை வீணாக்குவது. ஈயக்குண்டும் மாவும் மண்புழுவுமே அங்கே பொருத்தம். பவானி கூடுதுறையிலும் கொடுமுடியிலும் பொரி வாங்கிப் போடும் பக்தர்களால் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கப் பழகியிருக்கின்றன. வெள்ளை நுரையில் ஒரு பொரியைக் கட்டிப் போட்டால் எடுக்கும் என்பது எனக்குத் தெரியும். கோயில் துறையில் கை நீட்டிப் பொரி தின்னும் மீனைத் தூண்டிலில் பிடிக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. துறையிலிருந்து வெகு தூரம் கீழே, ஆற்றோர நாவல் மரமும் அத்தி மரமும் பழம் உதிர்க்கும் மடுக்களில், அதே வித்தையைக் கருநீல உருண்டையாகக் கட்டிச் செய்து பார்க்கலாம். தண்ணீர் தெளிவாக இருக்கும் ஆண்டுகளில் பலன் உண்டு.

மேட்டூர், பவானிசாகர், அமராவதி, ஆழியாறு போன்ற அணைகளை இந்த ஒப்பீட்டிலிருந்து நான் பெரும்பாலும் விலக்கியே வைக்கிறேன். அவற்றில் மீன்பிடி உரிமை அரசிடமோ, மீன்வளர்ச்சிக் கழகத்திடமோ, உரிமம் பெற்ற மீனவர்களிடமோ இருக்கிறது. அனுமதியின்றி ராடை எடுத்துக்கொண்டு இறங்குவது அவர்களுடைய பிழைப்பில் கைவைப்பது. அமராவதி அணையில் முதலைகள் உண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது. இறகுப் பூச்சிக்காரன் தண்ணீருக்குள் இறங்கி நிற்கவே ஆசைப்படுவான், அங்கே அது கூடாது. பவானிசாகருக்கு மேலே மாயாற்றுப் பக்கம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் தொடங்கிவிடுகிறது. கெண்டைக் குடும்பத்தின் பெருமைக்குரிய பொம்மீனில் (மஹசீர்) முதுகு கூனிய இனம் காவிரிப் படுகைக்கே உரியது, மாயாற்றில் இன்னும் எஞ்சியிருப்பது, அழிவின் விளிம்பில் நிற்பதாக 2018-ல் பட்டியலிடப்பட்டது. அதைத் தேடிப் போகும் எண்ணமே வேண்டாம்.

கிராமத்து ஏரிகளிலும் குளங்களிலும் நிலைமை கலவையானது. பாசி பிடித்துப் பச்சையாக இருக்கும் ஏரியில் மாவு ஜெயிக்கும். மழை நின்று வண்டல் படிந்து, மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றி ஓரங்கள் ஆழம் குறையும்போது, அதே ஏரியில் சாதா கெண்டைகள் வாலை ஆட்டிக்கொண்டு மேயும். அந்த எட்டுப் பத்து வாரங்கள் இறகுப் பூச்சியின் காலம். கீழ்பவானி வாய்க்கால் அடைத்தபின் அங்கங்கே தேங்கும் மடைக்குட்டைகளும் இப்படித்தான், தெளிந்து, ஆழம் குறைந்து, மீன் தெரியும்படி இருக்கும். நொய்யலின் கீழ்ப்பகுதியில் பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். சாயக்கழிவு அந்த ஆற்றை எந்த நிலைக்குக் கொண்டுபோனது என்பதும், உயர் நீதிமன்றம் 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு ஏன் போனது என்பதும் திருப்பூர்க்காரனுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இறகுப் பூச்சிக்கு நம் பகுதியில் கிடைத்த உண்மையான கொடை பண்ணைக்குட்டைகள்தான். சொட்டுநீர்ப் பாசனத்துக்காக வெட்டி, கருப்புத் தாள் விரித்து, ஆழ்குழாய்க் கிணற்று நீரை நிரப்பிய குட்டைகள் கொங்குச் சீமை முழுவதும் வந்துவிட்டன. அடியில் சேறு குறைவு, தண்ணீர் தெளிவு, மீன் எங்கே நிற்கிறது என்பது கரையிலிருந்தே தெரியும். தென்னந்தோப்பு நடுவே இருந்தால் பின்வீச்சில் பூச்சி ஓலையில் மாட்டும். அதற்கு நூலைப் பின்னால் கொண்டுபோகாமல் தண்ணீர் மேலேயே உருட்டி வீசும் முறை இருக்கிறது, அதைத்தான் நம் ஊர்க்காரர் முதலில் பழக வேண்டும். ஆனால் தாள் விரித்த சரிவு பாசி பிடித்தால் சோப்புபோல வழுக்கும். உள்ளே விழுந்தவருக்குப் பிடித்து ஏற ஒரு பிடிமானம் இருக்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இது ஆபத்தே. முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றைக் கரையிலுள்ள மரத்தில் கட்டி உள்ளே தொங்கவிடாமல் எந்தத் தாள் குட்டையிலும் நான் நிற்பதில்லை, தனியாகவும் போவதில்லை.

குட்டைக்காரரிடம் அனுமதி கேட்பதை வெறும் மரியாதை என்று நினைக்கக் கூடாது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கை முதலிய வடக்கத்தி ஆறுகளின் மீன்கள். ஓடும் வெள்ளத்தில் மட்டுமே தாமாக முட்டையிடும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் மீன் அறிவியலாளர் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி அவற்றைக் குளத்திலேயே முட்டையிட வைத்த பிறகுதான் குஞ்சுகள் தடையின்றிக் கிடைக்கத் தொடங்கின. ஆகவே ஒரு குட்டையில் நீந்தும் ஒவ்வொரு கட்லாவும் யாரோ காசு கொடுத்து வாங்கி விட்ட குஞ்சு. நான் முதன்முதலில் போன குட்டையின் உரிமையாளர், நான் கட்டிய பூச்சியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, புழுகூட இல்லாம இதுக்கு மீனு ஏமாறுமுங்களா?" என்று கேட்டார். சாதா கெண்டையை மட்டும் பிடித்து அவரிடமே கொடுத்துவிடுவது என்ற பேச்சின்மேல் அனுமதித்தார். சேற்றைக் கிளறிக் கரையை அரிக்கும் அந்த மீன் குறைவதில் அவருக்கும் மகிழ்ச்சி.

மாவுக்கும் இறகுப் பூச்சிக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. ரீலே இல்லாத மூங்கில் கழியின் நுனியில் நரம்பைக் கட்டி, முனையில் இறகுப் பூச்சியைக் கட்டி வீசுவது. ஜப்பானில் மலையோடைகளில் டென்காரா என்ற பெயரில் இதையே தொழில்முறையாகச் செய்துவந்தார்கள். செலவு மிகக் குறைவு. ஜிலேபிக்கும் சிறு கெண்டைப் பொடிகளுக்கும் அருமையான வழி. சிறுவர்களுக்கு வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் மூன்று கிலோ சாதா கெண்டை முள்ளோடு ஓடத் தொடங்கினால், விட்டுக்கொடுக்க நூல் இல்லாத கழியில் ஏதோ ஒன்று ஒடிந்தே தீரும். மீன் வாயில் முள்ளும் நரம்பும் தொங்க ஓடிப்போவது எனக்குப் பல நாள் உறுத்திய காட்சி. பெரிய கெண்டைதான் குறி என்றால் இந்த வழி வேண்டாம்.

இறகுப் பூச்சிதான் என்று முடிவு செய்தவர்களுக்கு அடுத்த கேள்வி, எந்த எண் ராடு என்பது. எண் என்பது அந்த ராடுக்குப் பொருந்தும் நூலின் முதல் 30 அடியின் எடையைக் குறிப்பது: 6-ஆம் எண் நூலில் அந்த நீளம் ஏறத்தாழ 10.4 கிராம், 8-ஆம் எண்ணில் 13.6 கிராம். வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்தால் கெண்டைக்கு 6 முதல் 8 வரை எதுவும் சரி என்றே இருக்கும். நம் ஊருக்கு அந்த விடை போதாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசியிலிருந்து ஆவணி வரை வீசும் காற்றில்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள் சுழல்கின்றன; அம்மியைப் பறக்கவிடும் ஆடிக் காற்று என்று சொல்வது சும்மா இல்லை. அந்தக் காற்றில் 6-ஆம் எண் நூலை வீசினால் அது நம் முகத்துக்கே திரும்பி வரும். முள் காதில் குத்தியும் இருக்கிறது. 8-ஆம் எண், 9 அடி ராடு அதைச் சமாளிக்கும். ஆனால் மார்கழி, தையின் அசைவற்ற தண்ணீரில் அந்தத் தடித்த நூல் விழும் அதிர்வுக்கே கெண்டை கலைந்துவிடும். காற்றுப்பையையும் உட்செவியையும் இணைக்கும் சிற்றெலும்புத் தொடர் கெண்டை இனம் முழுவதற்கும் உண்டு. அதனால் அவற்றின் கேள்திறன் மிகக் கூர்மையானது. கோபி, பவானி, ஈரோட்டுக்காரர்களுக்கு 6 அல்லது 7, பொள்ளாச்சியிலிருந்து தாராபுரம் வரை காற்றுப்பாதையில் இருப்பவர்களுக்கு 8 என்பது என் பரிந்துரை. அக்கா மகன் பல்லடத்தில் குடியிருக்கிறான். ஆகவே 8, நீளம் கூடிய லீடரோடு. மிதக்கும் நூல் ஒன்று போதும். நிறம் மங்கிய பச்சையோ பழுப்போ இருக்கட்டும், பளிச்சென்ற மஞ்சள் வேண்டாம். லீடரின் முனை 0.23 முதல் 0.28 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் கூச்சமும் குறையும், மீனும் தாங்கும்.

பூச்சிகளைக் கடையில் வாங்குவதைவிடக் கட்டிக்கொள்வதே நல்லது என்பேன், ஏனென்றால் அதற்கு வேண்டிய பொருள் நம்மைச் சுற்றியே கிடக்கிறது. நாட்டுச்சேவலின் கழுத்திறகு உலகில் எங்கும் இந்த வேலைக்குத் தேடப்படும் பொருள். கோயம்புத்தூர்க் குரும்பை ஆட்டின் முரட்டு ரோமத்தை நூலில் திரித்துச் சுற்றினால் தட்டான் குஞ்சின் உடல் கிடைக்கும். பனியன் கம்பெனிக் கழிவு நூலில் மெத்தென்ற சிவப்பு நூலாகப் பார்த்து இரண்டு அங்குலம் வெட்டி, 8-ஆம் எண் முள்ளின் முதுகில் கட்டினால் மண்புழுவாயிற்று. இதைவிட எளியதும் இதைவிடப் பலிப்பதுமான பூச்சியை நான் இன்னும் கட்டவில்லை. முள்ளின் கழுத்தில் மேற்புறமாக ஓர் இணை சிறு உலோகமணிகளை வைத்துக் கட்டிவிட்டால், பூச்சி தலைகீழாக, முள்நுனி மேல்நோக்கி இறங்கும். அடித்தளக் குப்பையில் மாட்டாது.

வீசுவதைவிட வீசியபின் நடப்பதே கடினம், ஆகவே அதை விரிவாகச் சொல்கிறேன். மேயும் கெண்டையின் தலைமேல் பூச்சியைப் போட்டால் ஓடிவிடும். மீனைத் தாண்டி இரண்டு மூன்றடி அப்பால் போட்டு, ராடின் நுனியை உயர்த்திப் பூச்சியைத் தண்ணீர்ப் பரப்பின் மேலேயே இழுத்து, மீனின் முகத்துக்கு நேரே வந்ததும் விட்டுவிட வேண்டும். அது தானாக இறங்கட்டும். அதற்குப்பின் நூலைப் பார்க்கக் கூடாது, மீனைப் பார்க்க வேண்டும். மாவுத் தூண்டிலில் தக்கை அமிழ்ந்ததும் தூக்கிப் பழகிய கை இங்கே ஏமாறும், ஏனெனில் கெண்டையின் உதட்டிலும் மீசையிலும் சுவை அறியும் மொட்டுகள் நிறைந்திருக்கின்றன. மாவைச் சுவைத்துப் பார்த்து வைத்துக்கொள்ளும் மீன், இறகைச் சுவைத்த நொடியே துப்பிவிடும். அதற்குள் நூலில் எந்த அசைவும் வந்து சேராது. தலை சற்றுத் திரும்புவது, மீன் ஒரு கை தூரம் முன்னேறி நின்றுவிடுவது, செவுள் ஒரு முறை விரிவது, இவற்றில் ஒன்றைக் கண்டதும் நூலைக் கையால் இழுத்து இறுக்க வேண்டும். இதை என் கண் கற்றுக்கொள்ள முதல் ஆண்டு முழுவதும் ஆயிற்று. அந்த ஆண்டில் நான் தூக்கிய சாதா கெண்டைகள் மூன்று. அதே ஆண்டில் மாவு போட்ட நண்பர் ஒரே காலையில் அதைவிட அதிகம் தூக்கினார்.

ஆகவே எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் ஒப்பீடு அங்கேயே முடிந்துவிடுகிறது: மாவு வெல்லும், சந்தேகமில்லை. கலங்கல் தண்ணீர், ஆழம், இரவு நேரம், கட்லா, ரோகு, குடும்பத்தோடு போய்ப் பேசிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் நாள் என எல்லாவற்றிலும் அதுவே வெல்லும். ராடு, ரீல், நரம்பு என்று பார்த்தாலும் மாவுச் செட்டின் விலை இறகுப் பூச்சிச் செட்டின் விலையில் ஒரு சிறு பங்குதான். கெட்டால் பக்கத்து ஊரிலேயே மாற்று கிடைக்கும். தண்ணீரில் நாம் சேர்க்கும் புண்ணாக்கும் மைதாவும் மட்டும் எனக்கு ஒரு குறையாகத் தெரிகிறது. சிறு குட்டையில் தின்னாத மாவு அழுகி, ஆக்சிஜன் குறைந்து, கோடை விடியலில் மீன்கள் வாய் பிளந்து மேலே மிதப்பதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் குழுவே அதற்குக் காரணமாக இருந்த ஒரு நாள் அது. அதன்பின் தாள் குட்டையில் மாவு போடுவதை நான் விட்டுவிட்டேன்.

இறகுப் பூச்சியின் பக்கத்தில் நான் வைக்கும் எடை வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம்தான் உண்டு என்றால், உருண்டை கரைந்து மீன் கூடக் காத்திருக்க நேரம் போதாது. மேயும் ஒரு மீனைத் தேடி நடந்து, கண்டுபிடித்து, நான்கு வீச்சு வீசித் திரும்ப அது போதும். அந்த நடையில் சாதா கெண்டை எந்த வெயிலில் எந்த ஓரம் ஒதுங்கும், நாரை நிற்கும் இடத்தில் அது ஏன் மேயாது, முதல் மீன் துள்ளியபின் மற்றவை ஏன் விலகுகின்றன என்பதெல்லாம் தெரியவரும். கடைசியாகச் சொன்னதற்குக் காரணம்கூட அறியப்பட்டதே: காயம்பட்ட தோலிலிருந்து கசியும் ஒரு பொருள் கூட்டத்தை எச்சரிக்கிறது என்பதை விலங்கியலாளர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1938-ல் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு மீனில் கண்டுசொன்னார். அதனால் ஒரு மீன் எடுத்ததும் நான் ஐம்பது தப்படி தள்ளிப் போய்விடுவேன். நுனியருகே உள்ள எதிர்க்கொக்கியை மழுங்கடித்த முள், நனைத்த கை, முடிச்சில்லாத வலைக்கூடை இருந்தால் விட வேண்டிய மீனை உயிரோடு விடலாம். ஆற்றிலோ ஏரியிலோ கிடைக்கும் நம் நாட்டுக் கெண்டைகளை நான் விட்டுவிடுகிறேன். சாதா கெண்டையை விடுவதில்லை. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அதற்கும் ஓர் இடம் இருக்கிறது, குழம்புக்கும் அது குறைவில்லை, முள்தான் கொஞ்சம் அதிகம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவனிடம் இரண்டு கேள்வி கேட்டேன். பல்லடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய, அனுமதி கிடைக்கக்கூடிய, மீன் தெரியும் தண்ணீர் எது? ஒரு காலை முழுவதும் வெறுங்கையோடு திரும்பினால் உனக்குப் பொறுக்குமா? முதல் கேள்விக்கு அவனுடைய மேலாளரின் தோட்டத்துக் குட்டை விடையாக வந்தது. சாதா கெண்டையும் புல் கெண்டையும் உண்டாம். இரண்டாவதற்குச் சற்று யோசித்து, "பொறுக்குமுங்க மாமா, ஆனா வீட்டுல கேப்பாங்க" என்றான். முதல் கேள்விக்கு ஆறு, கலங்கல் ஏரி, அணை என்று விடை வந்திருந்தால் தயங்காமல் மாவுக்கே ஒரு நல்ல ராடை வாங்கச் சொல்லியிருப்பேன்.

8-ஆம் எண் ராடு, எளிய ரீல், மிதக்கும் நூல் என்று முடிவாயிற்று. ராடிலும் ரீலிலும் விலை குறைந்ததைப் பார்க்கலாம், நூலில் பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் இந்த முறையில் வீச்சைச் செய்வது நூல்தான். மாசி முழுவதும் கரும்பு வெட்டிய எங்கள் காட்டில், முள் இல்லாமல் சிவப்பு நூல் துண்டு மட்டும் கட்டி, முப்பதடியில் வைத்த சோற்றுத் தட்டுக்குள் விழும்வரை வீசிப் பழகுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். காற்று கிளம்புவதற்கு முன், பங்குனியில் குட்டைக்குப் போகிறோம். கயிறு நான் கொண்டுவருகிறேன்.